சட்டென்று வந்த பூஜ்யம்

கம்ப்யூட்டர் திரைக்குப் புரோகிராம் எழுதிப் பிழைப்பதென்றால், இன்னும் வந்து சேராத விடைக்கு முன்கூட்டியே இடம் போட்டு வைப்பது. வட்டம் சுற்றுவதை வேடிக்கை பார்த்தே பாதி ஆயுசைக் கரைத்த சகோதரர்களே, நீங்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

சென்னையில் எல்லாம் சரி

அந்தமானில் எனக்கு வீடு பாம்பூஃப்ளாட்டில், ஆபீஸ் போர்ட் பிளேரில். ஒரு போட் கம்பெனிக்கு இன்டர்நெட்டில் டிக்கெட் பக்கம் எழுதினேன். அதில் 'மீதி ஸீட்' என்று ஒரு எண். அது எங்கேயும் எழுதி வைத்த எண் இல்லை. தேதியைத் தொட்டதும் மெயின்லேண்ட் சர்வரைக் கேட்டு, விற்றதைக் கழித்து, அப்புறம் வரும். அதுவரை காலியாக விடக்கூடாதே என்று பூஜ்யம் போட்டு வைத்தேன். புத்திசாலி என்று நினைப்பு வேறு!

ஊர்ந்து வரும் தீவு நெட்டில் அந்தப் பூஜ்யம் நின்று நிதானமாகத் தெரிந்தது. மேனேஜரிடம் சந்தேகத்தைச் சொன்னேன். சென்னையில் உட்கார்ந்தபடி தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூஜ்யம் எங்கப்பா வருது? எனக்கு நேரா பதினாலுதான் வருது."

ஃபெல்சி அக்கா

பக்கம் ஓடத் தொடங்கி நாலாம் நாள் ஹேவ்லாக் தீவில் இருக்கும் டிக்கெட் கவுண்டருக்குப் போயிருந்தேன். அங்கே டிக்கெட் கொடுப்பவர் ஃபெல்சி அக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. மத்தியானம் ஒரு பெங்காலி விவசாயி மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். மறுநாள் காலையில் போர்ட் பிளேரில் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன். அன்றைக்கு மிச்சம் ஒரே போட்தான். நானே முந்திக்கொண்டு தேதியைத் தொட்டேன். பூஜ்யம். "ஸீட் நஹி ஹை, தாதா" என்று, ஸீட் இல்லை அண்ணா என்பதை ஹிந்தியில் சொன்னேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"தாதா, ருக்கோ!" நில்லுங்கள் என்று அக்கா போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரையையே முறைத்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம். பூஜ்யம் போய் மூன்று வந்தது. அவர்களை போட்டில் ஏற்றிவிட்டு வந்து, எப்படிக்கா தெரிந்தது என்று கேட்டேன். "இல்லேன்னு சொல்லணும்னாலும் ஒருதரம் போய்ப் பாத்துட்டு வரணும்ல, தம்பி? தொட்ட உடனே இல்லேங்குதே, எங்க போய்ப் பாத்துச்சு?"

பழைய கேள்வி

அங்கேயே உட்கார்ந்து பூஜ்யத்தைத் தூக்கினேன். விடை வரும்வரை 'இன்னும் தெரியவில்லை, பார்க்கிறேன்' என்று காட்ட வைத்தேன். நெட் அறுந்தால் அதையும் சொல்ல வைத்தேன். பெருமையாக நீட்டினால், அக்கா இன்றைய தேதியைத் தொட்டு, உடனே நாளையைத் தொட்டார். நாளைய எண் வந்தது. பின்னாலேயே இன்றைய எண் ஆடி அசைந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது: தேதி நாளையது, எண் இன்றையது.

அடேயப்பா! இந்தத் தப்பைப் பிடிக்க எங்கள் ஆட்கள் நாட்கணக்கில் மண்டையை உடைப்பார்கள். அக்கா டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "மொதக் கேள்விய விட்டாச்சுன்னு யாராச்சும் அதுகிட்ட சொல்லணும்ல?"

தன் காலில் வந்தவர்

அதையும் சரிசெய்து, சில வாரம் கழித்து மறுபடி ஹேவ்லாக் போனேன். அதே தாதா, மனைவியோடு. மறுபடி டாக்டரிடம் காட்டப் போகிறார்கள். அந்த அம்மா யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தேதியைத் தொட்டேன். 'இன்னும் தெரியவில்லை' என்று திரை சொன்னதை ஹிந்தியில் படித்துக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்கும் புரியட்டும் என்று ஹிந்தியிலேயே புருஷனிடம் சொன்னார்: "இந்தக் கம்ப்யூட்டர் கேட்டுட்டே வரட்டும். அன்னைக்கு இந்தப் பையன் கேக்காமலே இல்லேன்னுட்டான்."

அந்தக் கவுண்டரில் உடனே பழுதுபார்க்க வேண்டிய மெஷின் எது என்று அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே வரவில்லை.