வலப்பக்கத்து டீச்சர்

எங்கள் பள்ளியில் அவருக்கு வலப்பக்கத்து டீச்சர் என்று பெயர். வைத்தவன் நான்தான். நான் கணக்கு வாத்தியார்; ஆசிரியர் அறையில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. அன்று கேலியாக வைத்த பெயரை இப்போது மரியாதையாகச் சொல்கிறேன்.

நாளை எந்த வகுப்பில் எதை, எப்படி நடத்தப் போகிறோம் என்று பாடக்குறிப்பு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். போன வருஷத்து நோட்டைப் பார்த்து, தேதியை மட்டும் மாற்றி எழுதுவதுதான் எங்கள் வழக்கம். 'மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்' என்ற கடைசி வரியைப் பாடம் நடத்தும் முன்பே எழுதிவிடுவோம். முப்பது நோட்டையும் ஒரு டீ ஆறுவதற்குள் தலைமையாசிரியர் முடித்துவிடுவார். யாருக்கும் தலைவலி இல்லை.

அந்த டீச்சர் மட்டும் இடப்பக்கத்தில் திட்டத்தை எழுதி, வலப்பக்கத்தைக் காலியாக விடுவார். பாடம் முடிந்து வந்ததும், கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைக்கூடத் தட்டாமல், நிஜமாக நடந்ததை அங்கே எழுதுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'புகார்க் கடிதம் நடத்தினேன். ஒன்பது பேருக்குப் புரியவில்லை. தப்பு என்னுடையது. புத்தகத்தில் வரும் பூங்காவை இவர்கள் பார்த்ததே இல்லை. நாளை, நேரத்துக்கு வராத பேருந்தைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் எழுத்து வரும்.' மறுநாள் திட்டம் அந்த ஒன்பது பேரிடமிருந்துதான் தொடங்கியது. இதெல்லாம் வேலையற்ற வேலை என்று சொல்லிச் சிரித்தேன். அவர் அடுத்த வரியை எழுதினார்.

அவருடையது ஆங்கிலம், பத்து 'டி'. தேறமாட்டார்கள் என்று மற்ற பிரிவுகள் கழித்துத் தள்ளிய முப்பத்தெட்டு பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவர்களோடு மல்லுக்கட்டி வருகிறார். சொந்த விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் வந்தவர்கள் இப்போது தட்டுத்தடுமாறி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம். முப்பத்தெட்டு பேரையும் கரையேற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான், பாடக்குறிப்புகளைப் பார்வையிட வியாழக்கிழமை மேலதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. நோட்டுகளை அடுக்கிய எழுத்தர் அலறியடித்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் ஓடினார். இரண்டு மாதம் முன்பு தெருக்குழாய் உடைந்து பள்ளிக்குள் தண்ணீர் புகுந்தது. மேலிடத்தைக் கேட்காமல் தலைமையாசிரியரே லீவு விட்டுவிட்டார். வருகைப் பதிவேட்டில் அன்று எல்லோரும் வந்ததாகப் போட்டாயிற்று. எங்கள் நோட்டுகளில் முந்தின நாளே எழுதி வைத்த பாடங்கள் அப்படியே இருந்தன. நான் அன்று வீட்டில் தூங்கினேன். நோட்டில் முக்கோணவியல் நடத்தியிருந்தேன், அதுவும் நன்கு புரியும்படி. அவருடைய வலப்பக்கத்தில் மட்டும், 'பள்ளி மூடல். வகுப்பறையில் கணுக்கால் தண்ணீர். பாடம் இல்லை' என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியரே எங்கள் அறைக்கு வந்தார்.

"முப்பதுல ஒரு நோட்டுதான் டீச்சர் இடிக்குது. அந்தத் தாளை மாத்தி எழுதிடுங்க. இல்லேன்னா பத்து டி-க்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

"அன்னிக்கு பெஞ்சுக்கடியில தண்ணிதான் சார் இருந்துச்சு. தண்ணிக்குப் பாடம் எடுத்தேன்னு எழுதவா?"

அவர் போனபின் நானும் என் பங்குக்கு, ஒரு தாள்தானே, பிள்ளைகளுக்காகவாவது விட்டுக்கொடுங்கள் என்றேன். வீட்டில் டீச்சரின் கணவரும் அதையே சொன்னாராம். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். நின்றுபோன கடிகாரத்தை ஓடுகிறது என்று சொல்லிக் கொடுப்பீர்களா என்று டீச்சர் கேட்டதும் கையிலிருந்த கடிகாரத்தைப் பிரிக்கப் போய்விட்டாராம். எனக்கும் பதில் கிடைத்தது.

"பிள்ளைங்களுக்காகத்தான் சார் மாட்டேங்கிறேன். இந்தப் பக்கத்துல ஒரு பொய் எழுதிட்டா, நாளைக்கு எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு எனக்கே தெரியாம போயிடும்."

மறுநாள் காலை நோட்டை டீச்சரே தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே நடந்ததை எழுத்தர் பிறகு எங்களுக்கு நடித்தே காட்டினார். செவ்வாய்க்கிழமைக்குரிய வலப்பக்கத்தில், 'நடக்காத பாடத்தை நடந்ததாக எழுதச் சொன்னார் தலைமையாசிரியர். மறுத்தேன். வகுப்பை எடுத்துவிடுவதாகச் சொன்னார்' என்று இருந்ததாம்.

"இதுல நான் கையெழுத்துப் போடணுமா?"

"வாராவாரம் போடுறீங்களே சார். இந்த வாரம் படிச்சுட்டுப் போடுங்க."

அந்த நோட்டு தலைமையாசிரியரின் மேசை இழுப்பறைக்குள் போனது. மதியத்துக்குள் கால அட்டவணைப் பலகையில் பத்து டி-க்கு எதிரே அவர் பெயர் அழிக்கப்பட்டது. டீச்சர் வந்து உட்கார்ந்தார், நான்கு வெள்ளைத் தாள்களை எடுத்தார், நாளைய பாடத்தை எழுத ஆரம்பித்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"என் பிள்ளைங்களுக்கு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவன், ஒரு லீவு நாளை லீவு நாள் என்று எழுத முதுகெலும்பு இல்லாமல் இருந்திருக்கிறேன். என் நோட்டை எழுத்தரிடமிருந்து திரும்ப வாங்கி, முக்கோணவியலை ஒரே கோடாக அடித்தேன். 'அன்று பள்ளி நடக்கவில்லை. முதலில் எழுதியது பொய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை அதிகாரி முன்னால் இருபத்தொன்பது நோட்டுகள் இருந்தன. என்னுடையதை மேலே வைக்கும்படி எழுத்தரிடம் கெஞ்சியிருந்தேன். அதிகாரி படித்தார், என்னைக் கூப்பிட்டார், கேட்டார், நடந்ததைச் சொன்னேன். பிறகு நோட்டுகளை எண்ணினார். முப்பதாவது எங்கே என்றதும் இழுப்பறை திறந்தது.

அதை அவர் முக்கால் மணி நேரம் படித்தார். டீச்சரை வரவழைத்தார். பத்து டி-க்கு இப்போது யார் எடுக்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார். தலைமையாசிரியர் இழுப்பறையை மெல்ல மூடினார்.

"நான்தான்," என்றார் டீச்சர். மணி அடித்தது. "வகுப்பு இருக்கு சார், வரேன்." தாள்களை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தலைமையாசிரியருக்கும் எங்கள் இருபத்தொன்பது பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எனக்கும்தான், நியாயம்தான். பலகையில் அவர் பெயரை யாரும் திரும்ப எழுதவில்லை. வேறு பெயரையும் எழுதவில்லை. அவர் தினமும் பத்து டி-க்குப் போய்க்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை கையெழுத்துக்கு வைத்த நோட்டுகள் வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்தன. படித்தால் நேரமாகும் அல்லவா?