ஸ்டெனிக்குப் பேசுவது யார்?

கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்சுவரின் கடைசிக் கல்லில் உட்கார்ந்து, கைபேசியை உதட்டருகே பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு சாளை நெறைய. அயில கொஞ்சம். காத்து தெக்க நிக்குகு" என்கிறார் ஸ்டெனி. பிறகு அதையே காதில் வைத்துக் கேட்கிறார். புருவம் சுருங்குகிறது. அழித்துவிட்டு மறுபடியும் சொல்கிறார். கடியப்பட்டணத்தில் வள்ளங்கள் கரையேறி, மீன் ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் தினமும் இது நடக்கிறது. ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். வெளியூர் வியாபாரிகள் மட்டும் அவர் யாருக்கோ மீன் நிலவரம் அனுப்புவதாக எண்ணிப் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

எதற்காக இது என்று கேட்டேன்.

"எனக்க சத்தம் அங்கதான் இருக்கான்னு பாத்துக்கிடுகேன் அண்ணே," என்றார்.

நான் ஊருக்கு வந்த முதல் நாள், அவர் வாயைத் திறந்ததும் என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் மனத்திலிருந்த ஸ்டெனி சினிமாவில் பார்த்தவர். கரகரத்த, நிதானமான, மதுரைப்பக்கத்துக் குரல் அவருக்கு. எதிரே இருந்தவரிடமிருந்து வந்ததோ மெல்லிய, வேகமான, அலைபோல ஏறி இறங்கும் பேச்சு. என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். எல்லோரும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்களாம்.

முப்பதைத் தொடப்போகும் வயது. ஒரு காதில் மட்டும் இரண்டு கடுக்கன். இடது புருவத்தில், வள்ளத்தின் கயிறு தெறித்த பழைய தழும்பு. சினிமாக்காரர்களுக்கு முதலில் பிடித்துப்போனது அந்தத் தழும்புதான். சர்க்கரை போடாத கட்டன் சாயா குடிப்பார். விரல்கள் கல்லிலோ தொடையிலோ தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பங்குச் சாமியாரையும் என்னைப்போன்ற விருந்தாளிகளையும் தவிர எல்லோரும் அவருக்கு மக்காதான்.

சார்ஜாவில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோதுதான் ராப் அவர் காதில் விழுந்தது. அறையில் உடனிருந்த கோழிக்கோட்டுக்காரர் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இங்கிலீஷ் எதுவும் ஸ்டெனிக்கு விளங்கவில்லை. ஆனால் இது நம்மூர் மீன் ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலை கூறுவதைப்போலவே இருக்கிறதே என்று தோன்றியதாம். ஊருக்கு வந்ததும் பள்ளித் தோழர் ஜெரிஷைப் பிடித்தார். ஜெரிஷுக்கு மணவாளக்குறிச்சியில் கைபேசிக் கடை. எதிரொலி அடங்க, கடையின் பின்னறைச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, அதற்குள் நின்று முதல் பாட்டைப் பதிவு செய்தார்கள். வீடுகளைக் கடல் கொண்டுபோன பிறகு கரையில், கடலின் முற்றத்தில், பாறாங்கல் கொட்டியதைப் பற்றிய பாட்டு அது.

"கல்லுக்க மேல கல்லு போட்டான், கடலு நின்னு பாக்குகு,
எனக்க முத்தத்துல மதிலு எதுக்குலேன்னு கேக்குகு."

முட்டத்திலிருந்து தேங்காப்பட்டணம்வரை கடற்கரை முழுவதும் அந்தப் பாட்டு ஓடியது. வளைகுடாவிலிருக்கும் கடற்கரைப் பிள்ளைகள் அழுதுகொண்டே கேட்டதாகச் செய்தி அனுப்பினார்கள். திருவிழா மேடைகளில் ஸ்டெனி வந்து நின்றால், முதல் வரியை அவர் பாடுவதற்கு முன்பே கூட்டம் பாடிவிடும். அவர் பெயரே 'சத்தம் ஸ்டெனி' என்று ஆனது.

அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் அழைத்தார். வில்லனின் தம்பி வேடம். ஸ்டெனி கிளம்பும்போது ஊரே பேருந்து நிறுத்தத்துக்கு வந்தது. முதல் நாள் படப்பிடிப்பில் அவர் வசனம் சொன்னதும், ஒலிப்பதிவு செய்பவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, இவர் பேசுவது மலையாளமா என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெனியும் சிரித்தார். டப்பிங்குக்கு எப்போது வரவேண்டும் என்று பிறகு பலமுறை கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் பிரதர் என்றே பதில் வந்தது. அவர் நல்ல சட்டையாக ஒன்றைத் தேய்த்து மாட்டி வைத்துக்கொண்டு அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார்.

அழைப்பு வரவில்லை. படம் வந்துவிட்டது.

நாகர்கோவில் தியேட்டரில் பாதி இருக்கைகள் கடியப்பட்டணத்துக்காரர்களுடையவை. திரையில் ஸ்டெனி ஒரு கிடங்கின் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். விசில் பறக்கிறது. வாயைத் திறக்கிறார். "நான் பேச மாட்டேண்டா. நின்னாலே போதும்" என்று ஒரு கரகரத்த குரல் சொல்கிறது. விசில் நின்றுவிட்டது. யார் பேசுகிறார் என்று தெரியாமல் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திங்கள்நகர்ச் சந்தையில் மீன் விற்கும் அவருடைய அம்மா இசபெல், பக்கத்து இருக்கையிலிருந்து மகனின் கையைப் பிடித்தார்.

"அன்னைக்கு ஒனக்கு தொண்டைக்கு சொகமில்லையா மக்கா?"

 ஸ்டெனி ஆமாம் என்று தலையாட்டி வைத்தாராம்.

படம் ஓடியது. அந்த வசனம் எல்லோர் கைபேசியிலும் ஒலித்தது. மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையைத் திறந்துவைக்க அழைத்து, மைக்கைக் கொடுத்து, அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவர் தன் குரலிலேயே சொன்னார். கூட்டம் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, இனி நிஜமாகச் சொல்லுங்கள் என்று கேட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குக் குரல் கொடுத்தவரைப்போலப் பேசிப் பழகினார். மிமிக்ரி செய்கிறவர்கள் பெரிய நடிகர்களைப் பழகுவார்கள். இவர் தன்னைப் பழகினார். அடுத்த கூட்டத்தில் கைத்தட்டலை அள்ளினார்.

பிறகுதான் அந்த ஆண்டின் புதுப் பாட்டை வெளியிட்டார்கள். கீழே வந்த கருத்துகளை ஜெரிஷ் எனக்குக் காட்டினார். பாடுவது யார், இது ஸ்டெனியின் குரலே இல்லையே, யாரோ பாடுகிறார்கள், இவர் வாயை மட்டும் அசைக்கிறார். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஜெரிஷுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஸ்டெனி பதில் எழுதினார், அழித்தார், எழுதினார், அழித்தார். "அவனுவ பறயுகது சரியோன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு அண்ணே."

முட்டத்திலிருந்து வந்த ஒரு கல்யாணப் பேச்சும் இந்தக் குழப்பத்தில்தான் நின்றது. மாப்பிள்ளைக்குப் பாட்டா, நடிப்பா என்று பெண் வீட்டார் கேட்டார்கள். இசபெல் இரண்டும் என்றார். அப்படியானால் எது வேலை என்றார்கள். ஸ்டெனியும் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாராம்.

கடைசியில், தனக்குக் குரல் கொடுத்தவரைத் தேடிச் சென்னைக்குப் போனார். சண்டை போடவா, நன்றி சொல்லவா என்று ரயிலில் ஏறிய பிறகும் முடிவாகவில்லை. குமாரதாஸ் என்ற அந்த மனிதர் வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் இருந்தார். நரைத்த தலை, சாந்தமான முகம். சென்னைப் பேச்சில் வரவேற்று, ஊரைக் கேட்டார். கடியப்பட்டணம் என்றதும் அவர் குரல் மாறியது.

"நான் தோவாளக்காரம்லா தம்பி. எங்களுக்கு பூ வியாபாரம்."

தோவாளை நாகர்கோவிலை ஒட்டிய ஊர். அப்படியென்றால் நம்மூர்ப் பேச்சு தெரிந்தும் ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று ஸ்டெனி கேட்டார்.

"அவங்க மதுரைப் பேச்சு கேட்டாங்க, குடுத்தேன். நம்ம பேச்ச இங்க எவனும் எங்கிட்ட கேட்டதே இல்ல."

போட வந்த சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. கிளம்பும்போது குமாரதாஸ் அந்தக் கல் பாட்டைப் பாடச் சொன்னார். ஸ்டெனி பாடினார். கண்ணை மூடிக் கேட்ட பெரியவர், அதே இரண்டு வரிகளைத் திருப்பிப் பாடினார். அச்சு அசலாக ஸ்டெனியின் குரலில். அதைச் சொல்லும்போது ஸ்டெனி தன் கையை நீட்டி, சிலிர்த்து நின்ற மயிரைக் காட்டினார். முதலில் பாடியது தானா அவரா என்று அந்த நிமிடத்தில் சந்தேகம் வந்துவிட்டதாம்.

இரண்டாவது படம் மீனவர் கதை. இளம் இயக்குநர், ஸ்டெனியின் சொந்தப் பேச்சுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டப்பிங் அறையில் விளக்கை அணைத்தார்கள். திரையில் தன் முகம் பெரிதாக வந்து வாயைத் திறந்ததும், ஸ்டெனியின் தொண்டையிலிருந்து வந்தது குமாரதாஸின் கரகரப்பு. ஒலிப்பதிவாளர் அபாரம் என்றார். இயக்குநர் குழம்பிப்போய், இது வேண்டாம், உங்கள் குரலில் பேசுங்கள் என்றார். என் குரலில்தானே பேசினேன் என்றார் ஸ்டெனி. போட்டுக் காட்டிய பிறகே அவருக்குத் தெரிந்தது. மாலைவரை முயன்றார்கள். சில வரிகளில் அவர் வந்தார், சில வரிகளில் மற்றவர் வந்தார். பொருத்தமானதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார் இயக்குநர். எதை எடுத்தார் என்று படம் வந்தால்தான் தெரியும். அதன்பிறகு தொடங்கியதுதான் இந்தக் காலைப் பதிவு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடச் சொன்னார் இசபெல். சாப்பிட்டு முடிந்தபோது தொலைக்காட்சியில் ஸ்டெனியின் முதல் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றார். கிடங்குக் காட்சி வந்தது. கதவு திறந்தது. தரையில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்த இசபெல், முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். திரையில் ஸ்டெனியின் உதடுகள் ஓசையில்லாமல் அசையத் தொடங்கின. இசபெல் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, வாசலில் நின்ற மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.