சாமுராய் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்

மகள் குளித்துவிட்டு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். எழுதத் தெரியாது, போனில் பேசித்தான் போடுகிறேன்.

அவளுடைய பிரசவத்துக்காக ஜப்பான் வந்திருக்கிறேன். இது ஒன்பதாவது மாதம்.

இன்று சாமுராய்த் தெருவுக்குக் கூட்டிப்போனாள். அந்தக் காலத்துப் போர்வீரர்களின் வீடுகளை அப்படியே வைத்துக் காட்டுகிறார்கள்.

ஒரு வீட்டின் உள்ளறையில் கறுப்பு உடுப்பில் ஒரு பெரியவர் பாயில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் போல என்று நினைத்து, "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மகள் கேட்டாள்: "யார்ட்டப்பா சொல்லிட்டு வாரீங்க?"

"உள்ள உக்காந்திருக்காருல்லா, அவர்ட்டதான்."

"அங்கன யாருமே இல்லியேப்பா. அந்த ரூம்லதான் வீட்டுக்காரர் வயித்தக் கிழிச்சு செத்தாராம். போர்டுல போட்டிருக்கு."

நம் கோவில்பட்டிப் பக்கம் சாவு விழுந்த துட்டி வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவோமா? மறுபடியும் அதே காரியத்துக்கு வருவேன் என்றல்லவா ஆகிவிடும்? அதுவும் பிள்ளைத்தாய்ச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மகள் சிரித்தாள். "அவருக்குத் தமிழ் தெரியாதுப்பா. பேசாம வாங்க."

தமிழ் தெரியாதவர், நான் சொன்னதும் சரியென்று தலையாட்டினாரே. அதை இவளிடம் எப்படிச் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.