சந்துக்கு அந்தப் பக்கம் அம்மா

அந்தக் கோடைக்காலம் முழுவதும் நான் மிஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த அப்பாவின் சட்டை வாசனையில்தான் தூங்கினேன். அறுபதுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. பின்னல் மிஷின் பழுது பார்க்கும் வேலை கிடைத்து, அப்பா எங்களைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருப்பூர் ராயபுரத்துக்கு அழைத்து வந்திருந்தார். எனக்கு எட்டு வயது. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. "ஊடு" என்று சொல்லத் தெரியாமல் "வீடு" என்று சொன்னதற்கே கைகொட்டிச் சிரிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில், எனக்குப் பேச்சுத்துணை அம்மா ஒருத்திதான்.

எங்கள் வீடு ஒரு குறுகிய சந்தில் இருந்தது. எதிர்வரிசையில், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, செல்லாத்தா குடியிருந்தாள். பனியன் மடித்து அடுக்குகிற வேலை அவளுக்கு. பனியன் பேல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தா போகிற லாரியில் அவள் புருஷன் டிரைவர். போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வீட்டார் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டதால் பிறந்த வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் போதகர் மிகவும் உருக்கமாகப் பேசினார். வசனத்தைக் காதால் கேட்டுவிட்டு எழுந்து போகிறவனும் கேட்காதவனும் ஒன்றுதான் என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். ஆராதனை முடிந்த பிறகும் பெரியவர்கள் வாசலில் நின்று அந்தப் பிரசங்கத்தை மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது சந்து முனையில் வீட்டுக்கார அம்மாள் நின்றிருந்தார்.

"செல்லாத்தாளுக்கு அம்மை வாத்திருக்குதுங்க அம்மிணி. பெரியம்மை. அந்தப் பக்கம் ஆரும் போயிராதீங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டப்பட்டுவிட்டன. சொந்தபந்தம் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சாமளாபுரத்துக்கும் மூலனூருக்கும் போனார்கள். எங்களுக்குப் போக இடமில்லை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது எதிர்வீட்டிலிருந்து "தண்ணி... தண்ணி..." என்று குரல் வந்தது. யாரோ ஒரு செம்பு நிறையத் தண்ணீரை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை உள்ளே எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அம்மா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. "தண்ணி கேக்கா, பாத்தீகளா?" என்றாள்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "நமக்கும் ஒரு பிள்ளை இருக்கு" என்றார்.

"எனக்குச் சின்னதுலயே வந்து போயிட்டு. இனிமே வராது. பிள்ளைக்கும் உங்களுக்கும் முனிசிபாலிட்டிக்காரன் அம்மை குத்திட்டுப் போயிருக்கான். ஆனா நான் போனா, அவ எந்திரிக்கிற வரைக்கும் இங்க வரப்படாது. பிள்ளையை நீங்கதான் பாத்துக்கிடணும்."

"காலையில கோயில்ல அத்தனை பேரு உக்காந்து கேட்டாவளே! உனக்கு மட்டுந்தான் சொன்னாரா?"

"அவங்க வீட்டுக்கு எதுத்தாப்புல அவ கிடக்கலையே" என்றாள் அம்மா.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அம்மா என் தலையை அவிழ்த்து மறுபடி இறுக்கப் பின்னிவிட்டாள். அப்பாவுக்குப் பின்னத் தெரியாது, கொஞ்ச நாள் தாங்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். புண் துடைக்கக் கிழிப்பதற்குப் பழைய சேலைகளை எடுத்துக்கொண்டாள். "வாசப்படி தாண்டி வரப்படாது, ஏட்டி" என்று சொல்லிவிட்டுச் சந்தைக் கடந்து போனாள்.

மறுநாளிலிருந்து அப்பா எனக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்விடுவார். நான் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். விளையாடக் கூப்பிடச் சந்தில் ஒரு பிள்ளை இல்லை. வீட்டுக்கார அம்மாள் இளநீரும் வேப்பிலையும் கொண்டுவந்து நடுச்சந்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். சாயங்காலம் அம்மா வெளியே வந்து நின்று, "சாப்பிட்டியா? அப்பா குளிப்பாட்டினாகளா?" என்று கேட்பாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

செல்லாத்தா ஆசைப்பட்டாள் என்று அம்மா அந்த வாசலில் வேப்பிலை செருகியிருந்தாள். கோயிலிலிருந்து பார்க்க வந்தவர்கள் சந்து முனையிலேயே நின்று, வேதக்காரப் பெண் இப்படிச் செய்யலாமா என்று அப்பாவிடம் குறைப்பட்டார்கள். போதகரும் வந்தார். முனையில் நின்றபடியே கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, எல்லாம் சரியாகும்வரை எங்களைக் கோயிலுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பயம் எல்லோருக்கும் உண்டுதானே. ஆனால் ஞாயிறு காலையில் மணிச்சத்தம் கேட்கும்போது அப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

ஒரு மத்தியானம் செல்லாத்தாவுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. "அம்மா! அம்மா!" என்று அவள் அலற, "இங்கதான் இருக்கேன் தாயி, இங்கதான் இருக்கேன்" என்று என் அம்மா சொல்வது கேட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. நானும் "அம்மா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பிறகு வாசற்படியைத் தாண்டி இறங்கி ஓடினேன். நடுச்சந்துக்கு வந்தபோது அம்மா கதவருகே தோன்றினாள். தலை கலைந்து, கண் உள்ளே போயிருந்தது.

"அங்கேயே நில்லு!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. சுடுமண்ணில் கால் பொசுங்க நின்றேன். அவளும் நின்றாள். உள்ளேயிருந்து மறுபடி "அம்மா" என்று குரல் வந்தது. அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு வாழ்க்கையில் எவ்வளவோ தனிமையைப் பார்த்துவிட்டேன். அதுபோல ஒன்று இல்லை.

செல்லாத்தா பிழைத்தாள். முகமெல்லாம் தழும்பு; ஒரு கண் மங்கிவிட்டது. அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, அம்மா உடுத்தியிருந்ததையெல்லாம் எரித்துவிட்டு, வீட்டுக்கார அம்மாளின் கிணற்றடியில் குளித்து, அவர் கொடுத்த சேலையில் வீட்டுக்கு வந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் என்னை வற்புறுத்தவில்லை. போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் நானாகவே போய் அவள் முதுகில் என் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வேப்பிலை வாடை அடித்தது. அம்மா அழுதாள் என்பது அவள் முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

செல்லாத்தா கடைசிவரை முருகனைத்தான் கும்பிட்டாள். அம்மாவும் அவளை ஒரு நாள்கூட எங்கள் கோயிலுக்குக் கூப்பிடவில்லை.

இப்போது அந்தச் சந்து இல்லை. இரண்டு வரிசை வீடுகளையும் இடித்து ஒரே கட்டடமாகக் கம்பெனி எழும்பிவிட்டது; வாசலில் நின்றால் உள்ளேயிருந்து இந்திப் பேச்சு கேட்கிறது. பெரியம்மை உலகத்தைவிட்டே போய்விட்டது. என் கையில் இருக்கிற குத்துத் தழும்பை என்னவென்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். செல்லாத்தா இல்லை, அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. நான் இன்றும் ஞாயிறு தவறாமல் போய்ப் பிரசங்கம் கேட்கிறேன். எவ்வளவோ கேட்டாயிற்று. அன்று கதவருகே நின்று, என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அந்த நேரத்தில் அவளுக்கு எப்படி இருந்தது என்று மட்டும் அம்மாவிடம் நான் கேட்கவேயில்லை. கேட்டால் அழுவாளே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.