ஜெயசீலனின் ஃபுல் ஃபார்மட்

கலெக்டராகத்தான் திரும்புவேன் என்று தூத்துக்குடியில் ரயிலேறியவன் ஜெயசீலன். பரீட்சை எழுதும் வயது போய்விட்டது. ஊர் திரும்ப முகமில்லாமல் டெல்லியில் முனிர்காவிலேயே தங்கிவிட்டான். அங்கே வாடகை அறைகளில் இருக்கும் தமிழ் மாணவர்களின் கம்ப்யூட்டருக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். கடைக்காரப் பையாவிடம் இந்தியில் திணறுவதைவிட இவனிடம் தமிழில் புலம்பலாமே!

அவனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வைரஸ் வந்தால் மற்றவர்கள் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு ஆளை அனுப்பிவிடுவார்கள். இவன் மிச்சமில்லாமல் அழிக்கும் ஃபுல் ஃபார்மட்தான் போடுவான். தான் அழித்ததை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது என்பதில் அவனுக்குப் பெருமைகூட. அந்தப் பெருமையே அவனுக்கு வினையாயிற்று.

ஆராய்ச்சி மாணவி அம்பிகா கூப்பிட்டு அனுப்பினாள். அவளுடைய லேப்டாப்பிலும், அதில் செருகும் தனி ஹார்ட் டிஸ்கிலும் வைரஸ். டிஸ்கில் இருந்தவை பேட்டிகள். வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் தமிழர்களின் குடிசைப் பகுதி ஒன்றில் வருஷக்கணக்கில் அலைந்து அவள் பதிவு செய்த குரல்கள்.

"அண்ணா, இது போச்சுன்னா என் ஆராய்ச்சியே போச்சு."

"பயப்படாதம்மா. மொதல்ல காப்பி எடுத்துருதேன், அப்புறந்தான் மத்ததெல்லாம்."

ஆளுக்கொரு ஃபோல்டர்: செங்கம்மாள், காத்தவராயன், முத்துமாரி. அத்தனையையும் தன் பென்டிரைவுக்கு இழுத்தான். கண் மூடித் திறப்பதற்குள் காப்பி முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? புது பென்டிரைவ் நல்ல வேகம் என்று மெச்சிக்கொண்டான், பாவி. பிறகு டிஸ்கையும் லேப்டாப்பையும் சுத்தமாக அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றினான்.

பென்டிரைவைச் செருகி ஃபோல்டரைத் திறந்தான். எதுவும் வரவில்லை. இன்னொன்றைத் திறந்தான். அதிலும் இல்லை. உண்மையான ஃபோல்டர்களை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயர்களில் வெறும் ஷார்ட்கட்டுகளை நிறுத்திவைக்கும் வைரஸ் அது. அவன் காப்பி எடுத்தது பெயர்களை மட்டும்தான். உள்ளே பத்திரமாக ஒளிந்திருந்த குரல்களைத் தன் கையாலேயே அழித்திருக்கிறான். அம்பிகாவிடம் நடந்ததைச் சொன்னான்.

"மறுபடியும் போய்ப் பேசிப் பதிவு பண்ணிரலாம்மா. நானும் கூட வாரேன்."

"எங்கண்ணா போறது? போன மாசந்தான் புல்டோசர் விட்டு எல்லாத்தையும் இடிச்சாங்க. யாரு எங்க போனாங்கன்னே தெரியல. செங்கம்மாக்கா செத்தே போயிட்டாங்க."

"என்னைய நல்லா நாலு வார்த்த திட்டிரும்மா" என்றான் ஜெயசீலன்.

அவள் திட்டவில்லை. திரையில் வரிசையாக நின்ற பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் பேர வச்சுக்கிட்டு நான் என்னண்ணா எழுதுறது?" என்றாள்.