ஆணியில் தொங்கிய ரொட்டி

என் அண்ணன் மெதெர் எங்கள் மலைக் கிராமத்திலிருந்து ரஷ்யாவுக்குப் புறப்பட்டது பிப்ரவரி கடைசியில், ஒரு புதன்கிழமை. பயணத்துக்கு அந்தக் கிழமைதான் ஆகும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அவனோடு கட்டட வேலைக்குப் போகவேண்டிய ஆட்கள் திங்களன்றே கிளம்பிவிட்டார்கள். அதனால் அவன் தனியாகப் போனான்.

வேன் வந்து ஹாரன் அடித்ததும் அம்மா ஒரு முழு ரொட்டியை அவன் வாயருகே நீட்டினாள். அவன் ஒரு வாய் கடித்தான். மீதியைத் துணியில் சுற்றி, குளிருக்குப் போர்த்தும் ரஜாய்கள் அடுக்கியிருக்கும் சுவரில் உயரமாக ஓர் ஆணியில் மாட்டினாள். பட்டாளத்துக்கோ தூரதேசத்துக்கோ ஆள் போன வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு ரொட்டி தொங்கும். போனவன் திரும்பி வந்து மீதியைத் தின்னவேண்டும். அதுவரை வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது.

அந்த நேரத்தில் வாசலில் இல்லாத ஒரே ஆள் அவன் மனைவி சோனுன். தொழுவத்தில் ஓர் ஆடு குட்டி போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அண்ணன் அங்கே போய்த்தான் அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தான். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வேன் திருப்பத்தில் மறைந்த பிறகு அண்ணி முழங்கை வரை ஈரத்தோடு, கோட்டுக்குள் ஒரு குட்டியை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "புருஷன் ஊரை விட்டுப் போறான். இவ ஆட்டுக்குப் பின்னால நிக்கிறா" என்று அம்மா என்னிடம் சொன்னாள், அண்ணி காதில் விழும்படியே.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அந்த மாதம்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்கும் அண்ணிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி. இருபது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல உயரம். எங்கள் வீட்டுக் கதவுகள் குட்டை என்பதால் எப்போதும் லேசாகக் குனிந்தே நடப்பாள், வெட்டவெளியிலும்கூட. மனிதர்களைவிட மாட்டோடும் ஆட்டோடும் அதிகம் பேசுவாள். நான் போன ஊர்களைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி, அங்கெல்லாம் மாட்டுக்கு என்ன போடுகிறார்கள் என்பதுதான்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. பனி உருகி எங்கும் சேறாகிக் கிடந்தது, புல் இன்னும் முளைக்கவில்லை. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லின் போர் என் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. கன்று போட்ட பசுவுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அண்ணி ஆற்றோரம் போய் வில்லோ மரக் கிளைகளை வெட்டிவந்து போட்டாள். பழைய மெத்தை ஒன்றைப் பிரித்து அதிலிருந்த வைக்கோலையும் போட்டாள். பசு அதையும் தின்றுவிட்டு அவள் கோட்டுப் பொத்தானை நக்கியது. "அதையும் தின்னுட்டா நான் எதை மாட்டிக்கிறது?" என்று அதனிடம் கேட்டாள்.

அண்ணன் முதல் இரண்டு வாரம் போன் செய்தான், வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னான். பிறகு செய்யவில்லை. நாங்கள் கூப்பிட்டால் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே பதில் வந்தது. அம்மா தினமும் காலையில் எழுந்ததும் ஆணிக்குக் கீழே நின்று துணியை விலக்கிப் பார்ப்பாள். "பூஞ்சை பிடிக்கலே. என் பிள்ளை நல்லாத்தான் இருக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு டீ குடிக்க உட்காருவாள். சொல்லவேண்டிய மற்றதை அண்ணியிடம் சொல்வாள். போன குளிர்காலத்தில் பனி பாரத்தில் தொழுவத்தின் கூரை ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. அதைக் கட்டவேண்டும் என்று அண்ணிதான் அண்ணனை நச்சரித்துக்கொண்டிருந்தாளாம். "உன் கூரைக்காகத்தான் போனான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை சொல்லு." அண்ணி டீயை ஊற்றி நீட்டுவாள்.

மார்ச்சில் வரும் நூரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு முந்தின நாள் வீடு முழுக்க வெள்ளையடித்தோம். முளைகட்டிய கோதுமையில் கூழ் காய்ச்ச அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பெரிய அண்டா அது, நாளெல்லாம் கிண்டவேண்டும். நானும் அண்ணியும் ரஜாய், கம்பளம், பெட்டி எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். சுவரில் சுண்ணாம்பு அடிக்கவேண்டுமே என்று அண்ணி அந்த ரொட்டி மூட்டையை இறக்கினாள். நெற்றியில் ஒற்றிக்கொண்டு, வெளியே வண்டியில் அடுக்கியிருந்த ரஜாய்களின் மேல் வைத்தாள். நாய்க்கு எட்டாது, கோழிக்கும் எட்டாது என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். மாட்டை அவள் நினைக்கவில்லை. அது தொழுவத்தில் கட்டப்பட்டிருந்தது.

சுண்ணாம்பு வாளியை நிரப்ப நாங்கள் வெளியே வந்தபோது பசு வண்டியருகே நின்றுகொண்டிருந்தது. அறுந்த கயிறு கழுத்தில் தொங்கியது. துணியின் ஒரு முனை அதன் வாயில் இருந்தது. அண்ணி ஓடிப்போய்த் துணியை இழுத்தாள். கிழிந்து கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். அழவில்லை. பசுவின் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் முற்றத்துக் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"எதுக்கு அண்ணி?"

"அத்தை வர்றதுக்குள்ள மாவு பிசையணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வறட்டி எடுக்கப் போனேன். தணல் ஆனதும் இரண்டு வாணலிகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து நடுவில் இரண்டு ரொட்டி சுட்டோம். ஆறியதும் ஒன்றை அண்ணி ஒரு வாய் கடித்துப் பார்த்தாள். சின்னதாக, ஒழுங்காக வந்தது. மெதெருக்குச் சிறுவயதில் குதிரை உதைத்து முன்பல் ஒன்று பாதி போய்விட்டது. அவன் எதைக் கடித்தாலும் நடுவில் ஒரு துண்டு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த ரொட்டியை அவள் என்னிடம் நீட்டினாள்.

"நீ கடி. உங்க வீட்டு வாய்தான் பெரிய வாய்."

இரண்டு பக்கமும் கடித்து நடுவை விட்டேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "உங்கண்ணன் இதைவிட ஆசையாக் கடிச்சிருந்தார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது.

ரொட்டியை அடுப்பின் மேல் வைத்துக் காயவைத்தோம். துணியை அலசிக் காற்றில் பிடித்து உலர்த்தி, கிழிசலைத் தைத்தாள். ஆணியில் மாட்டித் திரும்பினால் கதவருகே அவள் ஐந்து வயதுப் பெண் அய்தை நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அப்பா ரொட்டியை மாடு தின்னுடுச்சு. இப்ப மாடுதான் போய் அப்பாவைக் கூட்டிட்டு வரணுமா?"

அண்ணி அவள் முன்னால் மண்டியிட்டாள். "ஆமா. ஆனா நீ யார்கிட்டயாவது சொன்னா அது வழியை மறந்துடும்."

மாலையில் அம்மா ஒரு கிண்ணம் கூழோடு வந்தாள். புதுச் சுவரைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தபோது அய்தை கேட்டாள், மாட்டுக்கு எல்லா வழியும் தெரியுமா என்று. அம்மா எந்த வழி என்று திரும்பினாள். அண்ணி ஊற்றிக்கொண்டிருந்த டீ கிண்ணத்தைத் தாண்டி விரிப்பில் ஓடியது. அம்மாவின் கவனம் விரிப்புக்குப் போய்விட்டது. "கண்ணு எங்க இருக்கு உனக்கு" என்று அண்ணியைத் திட்டினாள். அந்த ஒரு திட்டுக்கு மட்டும் அண்ணி நன்றியோடு தலையாட்டினாள்.

பண்டிகை முடிந்த வாரம் திங்களன்று முன்னால் கிளம்பிப் போன ஆட்களில் ஒருவன் போனில் கிடைத்தான். மெதெர் தங்களோடு வேலைக்குச் சேரவே இல்லை, இடம் நிரம்பிவிட்டதால் வேறொரு மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனார், எங்கே என்று தெரியாது என்றான்.

அண்ணி அன்றைக்கே அம்மாவிடம் கேட்டாள். அம்மாவின் அண்ணன் சாகின், மெதெர் வேலைக்குப் போன அதே நகரத்தில் இருபது வருடமாக இருக்கிறார். டாக்ஸி ஓட்டுகிறார், நாலு பேரைத் தெரியும். அவருக்கு ஒரு போன் செய்யுங்கள் என்றாள். தாத்தா செத்தபோது காரியச் சாப்பாட்டுக்கு அம்மாவுடைய சவாரிக் குதிரையை மாமா கேட்காமல் அறுத்துவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எங்கள் போனெல்லாம் அவர் எடுக்கமாட்டார். அம்மா கூப்பிட்டால்தான் எடுப்பார்.

"ரொட்டி அப்படியே இருக்கு. என் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நான் எதுக்கு அவன் முன்னால போய் நிக்கணும்?" என்றாள் அம்மா.

அண்ணி மறுநாளும் கேட்டாள். அதே பதில். அதற்கடுத்த நாள் அம்மா ஆணியை நோக்கிக் கையை மட்டும் காட்டினாள். அண்ணி தொழுவத்துக்குப் போய் வெகுநேரம் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தேன். குட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே, "நான் சுட்ட ரொட்டியைக் காட்டி அவரைத் தேட வேணாங்கிறாங்க" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அம்மா அவளை அன்றைக்கே அனுப்பிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தெரியும். அய்தையை அவளோடு அனுப்பவும் மாட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான்.

மறுநாள் காலை அம்மா எழுந்து ஆணியருகே வருவதற்குள் அண்ணி அந்த மூட்டையை இறக்கி விரிப்பில் வைத்துவிட்டாள். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அத்தை, இது அவர் கடிச்சது இல்ல. அதை மாடு தின்னுடுச்சு. இது நான் சுட்டது."

"நான்தான் கடிச்சேன்" என்றேன் நான். அம்மா என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. குனிந்து துணியைப் பிரித்தாள். கடித்த இடத்தில் விரலை ஓட்டினாள்.

"எப்போ?"

"வெள்ளையடிச்ச அன்னிக்கு."

"அப்போ இத்தனை நாளா நான் எதைப் பார்த்துட்டு டீ குடிச்சிட்டிருந்தேன்?"

அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மாட்டை அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் பின்னால் ஓடினேன். அவள் அடிக்கவில்லை. தொழுவத்து வாசலில் நின்று அதன் விலா எலும்புகளைப் பார்த்தாள். காலியான புல்போர் இருந்த இடத்தைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் பூட்ஸ் முழுக்கச் சேறு. கழற்றாமலே கம்பளத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"உன்னைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். முதல்ல சேதி வரட்டும்" என்று அண்ணியிடம் சொன்னாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "போனைப் போட்டுக் குடு."

மாமா எடுத்தார். அம்மா சலாம்கூடச் சொல்லவில்லை. "அண்ணே, குதிரை கதை இருக்கட்டும். மெதெரைக் காணோம்" என்றாள். அவர் மெதெரின் போட்டோவை அனுப்பச் சொன்னார்.

அதற்குப் பிறகான நாட்கள் முன்னைவிட மோசமாக இருந்தன. எங்கள் வீடுகளில் டீ ஊற்றுவது மருமகள் வேலை. அம்மா கெட்டிலைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு தானே ஊற்றிக் குடிக்க ஆரம்பித்தாள். அண்ணி வெறுங்கையோடு எதிரே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவள் கல்யாணத்தின்போது கொண்டுவந்த தகரப் பெட்டியைத் துடைத்து, துணிகளை மடித்துவைத்து, கதவருகே நகர்த்தினாள். அம்மா அதைத் தாண்டித்தான் போய்வந்தாள். உள்ளே வை என்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்லவில்லை. மாமா வாரம் ஒருமுறை கூப்பிட்டு, இன்னும் இல்லை என்பார்.

ஏப்ரலில் தெற்குச் சரிவில் புல் தலைகாட்டியது. ஆடுகள் வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கழிந்தன. அண்ணி அவற்றுக்குப் பின்னாலேயே திரிந்தாள். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, இன்னும் கொஞ்சம் குனிந்து நடந்தாள். இடையில் ஒரு வாரம் நான் பக்கத்து நகரத்துக்குப் போய் வேலை தேடிவிட்டுத் திரும்பினேன். அவளைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை.

ஜூனில் மந்தையோடு மேல் மலைக்கு ஏறினோம். அங்கே ஒரு பாறைமேல் நின்றால் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அம்மா தினமும் போனை எடுத்துக்கொண்டு அங்கே போவாள். அந்த மாதக் கடைசியில் ஒருநாள் பாறையிலிருந்து இறங்கி, எங்கள் கூடாரத்துக்கு வராமல் நேராகப் பசுவுக்கருகே போனாள். அண்ணி பால் கறந்துகொண்டிருந்தாள். அம்மா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அண்ணியின் கையெல்லாம் பால். தொடத் தயங்கினாள். நான் வாங்கிப் படித்தேன்.

"சோனுன், நான் மெதெர். மாமா போன்ல இருந்து அனுப்புறேன். மார்ச்ல சாரத்துல இருந்து விழுந்துட்டேன். மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டுப் போயிட்டான். ரொம்ப நாள் நினைவில்ல. அப்புறம் யார் நம்பரும் ஞாபகத்துக்கு வரல. மாமா ஊர் ஊரா ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கி நேத்து என்னைக் கண்டுபிடிச்சார். இடுப்பு சரியாகிட்டு வருது, கம்பு ஊனி நடக்கிறேன். ஆகஸ்ட்ல விடுவாங்களாம். தேடச் சொன்னது நீதான்னு அம்மா மாமாகிட்ட சொன்னாங்களாம். உன்கிட்ட சொல்ல மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."