வானத்திலிருந்து அழிக்கப்பட்ட மூன்று கம்பிகள்

அந்தப் பெண் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் எலும்பக்கா. விடுமுறை நாட்களில் ஏரிக்கரைச் சேற்றில் முழங்கால் ஊன்றி, கைக்குழந்தை கனம் இருக்கும் லென்ஸைத் தூக்கிப் பிடித்துக் கூழைக்கடாக்களைப் படம் எடுப்பார்.

கூழைக்கடா சட்டென்று எழும்பும் பறவையல்ல. தண்ணீரைக் காலால் உதைத்து ஓடி, காற்றை எதிர்த்துத்தான் மேலே ஏறும். அதனால் இவர் முதலில் நாணல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். காற்று தன் முதுகில் படும்படி நிற்பார். இரண்டரை மீட்டர் இறக்கையை விரித்துப் பறவை நேராக அவர் முகத்துக்கே வரும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, பார்த்துப் பார்த்து அவரே கண்டுகொண்டது.

மீதி வேலை வீட்டில். கணவர் தையல்காரர். அவருடைய இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் மடிக்கணினி. இறக்கைக்கு அடியில் தேங்கிய இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கவைத்தால் இறகு இறகாகத் தெரியும். கடைசியில், ஏரிக்குக் குறுக்கே போகும் மூன்று மின்கம்பிகள். பக்கத்து வானத்தை எடுத்து ஒட்டி அவற்றை மறைத்துவிடுவார்.

"நான் சட்டைக்கு ஒட்டுப் போட்டா ஊருக்கே தெரியுது. நீ வானத்துக்கே ஒட்டுப் போடுற, ஒரு தையல் தெரியலையே!" என்பார் கணவர்.

அப்படி ஒட்டுப்போட்ட படம் ஒன்று நகராட்சி நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கி, நகராட்சி நாட்காட்டியில் ஏறி, எல்லா அலுவலகச் சுவரிலும் தொங்கியது.

அந்த ஆண்டே நாற்பத்தொரு கூழைக்கடாக்கள் செத்து விழுந்தன. மின்நிறுவனம் நோய் என்று அறிக்கை கொடுத்தது. நோய் மனிதருக்குப் பரவுமாம். ஆகவே கூடுகள் இருக்கும் கரைமரங்களை வெட்டிவிடலாமாம். ஒரு பறவையைக்கூடப் பரிசோதிக்காமல் எழுதிய அறிக்கை அது. மூடநம்பிக்கைக்கு முத்திரை குத்தினால் நம் அலுவலகங்களில் அதற்குப் பெயர் ஆவணம்.

மரங்களைக் காப்பாற்ற இருந்த ஒரே வாய்ப்பு, நகராட்சி கூட்டிய ஒரு கூட்டம். எலும்பக்கா எழுந்து, செத்தவை எல்லாம் கம்பிக்கு நேர்கீழே கிடந்ததாகச் சொன்னார். மின்நிறுவனப் பொறியாளர் சாவகாசமாகச் சுவரிலிருந்து நாட்காட்டியைக் கழற்றினார்.

"இது நீங்க எடுத்ததுதானேம்மா?"

"ஆமா சார்."

"அதே ஏரி, அதே இடம். பறவை பறக்குற உயரத்துல கம்பி எங்க இருக்கு? கொஞ்சம் காட்டுங்களேன், நாங்களும் பார்க்கிறோம்."

கூடம் சிரித்தது. வேறு கோணத்தில் எடுத்தது என்று அவர் சொல்லியிருக்கலாம்; யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"நான்தான் அழிச்சேன்" என்றார்.

பின்வரிசையில் கணவர், "போச்சு, மானம் போச்சு" என்று முனகியது எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஆஸ்பத்திரியில ஒரு விரிசலை இப்படி அழிச்சா என்னை உள்ள தள்ளிடுவாங்க. இங்க அழிச்சதுக்குப் பரிசு கொடுத்தீங்க. கம்பி அசிங்கமா இருக்குன்னு நினைச்சேனே தவிர, அது என்ன செய்யுதுன்னு நான் பார்க்கவே இல்ல. தப்பு என்னுதுதான்."

ஆனால் எக்ஸ்ரேக்காரர் மூலப்படத்தை அழிப்பதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்து, ஆறு வருடப் படங்களைக் கைபடாமல் எடுத்த நிலையிலேயே காட்டினார். ஒவ்வொன்றிலும் கம்பி. சிலவற்றில் பறவை கடைசி நொடியில் உடலை முறுக்கி விலகுகிறது. வீண் என்று ஒதுக்கிவைத்த ஒன்றில் இறக்கை நுனி கம்பியில் மோதி மடங்கிக் கிடக்கிறது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ அந்தப் பரிசு?" என்றார் நகராட்சித் தலைவர்.

"நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன். மரத்தை விட்டுடுங்க."

மரம் வெட்டும் யோசனை நின்றது. கால்நடை மருத்துவர் நான்கு பறவைகளைப் பரிசோதித்தார். நான்கிலும் இறக்கை எலும்பு முறிவு. எக்ஸ்ரே எடுத்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பறவைகளின் கண்ணில் படும்படி கம்பிகளில் ஆரஞ்சு நிற உருண்டைகள் கட்டினார்கள். பரிசைத் திருப்பிக் கொடுத்ததற்காக அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்து, கூட்டத்தில் எழுந்து தன் தவறைத் தானே சொன்ன வேறொருவரை நான் பார்த்ததில்லை.

போன வாரம் புதுப்படம் ஒன்று திரையில் இருந்தது. உருண்டைகளுக்கு மேலே, தாராளமாக இடம் விட்டுப் பறக்கும் ஒரு கூழைக்கடா.

கணவர் ஊசியில் நூலைக் கோத்தபடி எட்டிப் பார்த்தார். "அந்த உருண்டைங்க மட்டும் இல்லேன்னா படம் எங்கேயோ போயிருக்கும்."

"அதுல கை வெச்சுப் பாருங்க, அடுத்த எக்ஸ்ரே உங்களுக்குத்தான்."